சேசர் மில்ஸ்டீன்

சேசர் மில்ஸ்டீன் (அக்டோபர் 8, 1927 – மார்ச் 24, 2002) ஆர்ஜென்டினாவில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய உயிர்வேதியியல் அறிஞர் ஆவார். ஒரே வகையான பிறபொருளெதிரியை (ஆன்டிபாடி) வேண்டிய அளவுக்கு ஆய்வகத்தில் உருவாக்கும் முறையை 1975-ஆம் ஆண்டில் ஜார்ஜஸ் கோலருடன் இணைந்து கண்டறிந்தார். இதற்காக இவ்விருவருக்கும், நோயெதிர்ப்பியல் கோட்பாட்டாளரான நீல்ஸ் ஜெர்னவுக்கும் 1984-ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. மில்ஸ்டீனும் கோலரும் கண்டறிந்த அடிப்படை முறைக்குக் காப்புரிமை பெறப்படவில்லை. ஆனால் அம்முறையைப் பயன்படுத்திச் செய்யப்பட்ட பலவற்றுக்கும் மற்றவர்கள் காப்புரிமை பெற்று, அவற்றுக்காக நீதிமன்றங்களில் வழக்காடினர். குருதி உறைவதற்கு வேண்டிய எட்டாம் காரணி என்னும் புரதத்தைத் தூய்மையாக்குவது பற்றிய வழக்கு அவற்றுள் குறிப்பிடத்தக்கதாகும்.

இளமையும் கல்வியும்

மில்ஸ்டீன் ஆர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் மாகாணத்தின் தெற்கே உள்ள பாஹியா பிளாங்கா என்னும் துறைமுக நகரில் பிறந்தார். தந்தை லாசரோ, உக்ரைன் பகுதியிலிருந்து இளவயதில் குடியேறிய யூதர். பல சிறு வேலைகளைப் பார்த்தவர். தாய் மாக்சிமா பள்ளி ஆசிரியை. மூன்று ஆண்மக்களில் மில்ஸ்டீன் நடுவர். குடும்பத்தில் வசதி குறைவு எனினும் மூவரையும் பல்கலைக்கழகம் வரை படிக்க வைப்பதில் பெற்றோர் உறுதியாக இருந்தனர்.

புவெனஸ் அயர்ஸ் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்று 1952-இல் பட்டம் பெற்றார். மாணவராக இருந்தபோது இவர் முதல் மதிப்பெண் வாங்கியவர் அல்லர். மாணவர் சங்கப் பணிகளிலேயே கூடுதல் ஆர்வம் காட்டினார். 1953-இல் உடன் பயின்ற செலியா பிரில்லெல்டென்ஸ்கியை மணந்தார். இருவரும் ஓராண்டு முழுவதும் ஐரோப்பிய நாடுகளில் பெரும்பாலும் வழியில் வரும் வண்டிகளில் ஏறிச் சுற்றினர். திரும்பி வந்தபின் ஆன்ட்ரெஸ் ஸ்டொப்பானியின் வழிகாட்டுதலில் ஆல்டிஹைடு டிஹைட்ரோஜினேஸ் என்னும் நொதியைப் பற்றி ஆய்வு செய்து 1957-இல் முனைவர் பட்டம் பெற்றார். உதவித்தொகை ஏதும் இல்லாத காரணத்தால், அக்காலத்தில் கணவனும் மனைவியும் மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் பகுதிநேர வேலை பார்த்தே ஆய்வை நடத்தினர்.

1958-இல் பிரிட்டிஷ் கவுன்சிலின் உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கு மால்கம் டிக்சனிடமும், புரதங்களின் அமினோ அமில வரிசையைக் கண்டறிந்தவரான பிரடெரிக் சாங்கரிடமும் பணியாற்றி, 1960-இல் இரண்டாவது முனைவர் பட்டம் பெற்றார்.

தாய்நாடு திரும்புதலும் வெளியேறுதலும்

1961-இல் ஆர்ஜென்டினா திரும்பிய மில்ஸ்டீன், புவெனஸ் அயர்சிலுள்ள மல்பிரான் நிறுவனத்தில் புதிதாகத் தொடங்கப்பட்ட மூலக்கூற்று உயிரியல் பிரிவின் தலைவரானார். இந்த வாய்ப்பு நீடிக்கவில்லை. 1962 மார்ச்சில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. நிறுவனத்தின் இயக்குநர் இக்னாசியோ பிரோஸ்கி பதவி நீக்கப்பட்டார். மில்ஸ்டீனின் பிரிவில் இருந்தோரும் நெருக்கடிக்கு உள்ளாயினர். மில்ஸ்டீன் பதவி விலகி 1963-இல் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று, மருத்துவ ஆய்வு மன்றத்தின் மூலக்கூற்று உயிரியல் ஆய்வகத்தில் சேர்ந்தார். இறுதிவரை அதுவே அவருடைய பணியிடமாக இருந்தது. நொதிகளை விட்டுப் பிறபொருளெதிரிகளை ஆராயுமாறு அவருக்கு எடுத்துச் சொன்னவர் சாங்கர்.

பிறபொருளெதிரிச் சிக்கல்

உடலில் நுழையும் அயற்பொருளை இனங்கண்டு பற்றிக்கொள்ளும் புரதமே பிறபொருளெதிரி. ஒரே ஒரு கிருமி நுழைந்தாலும் உடல் அதற்கெதிராகப் பல வகைப் பிறபொருளெதிரிகளை உருவாக்குகிறது. எனவே விலங்கின் குருதியிலிருந்து எடுக்கப்படும் எதிர்ச்சீரம் எப்போதும் ஒரு கலவையே; ஒரு முயலிடம் பெறும் சீரமும் அடுத்த முயலிடம் பெறும் சீரமும் ஒன்றுபோல் இரா. ஆனால் ஒரு தனி வெள்ளணு ஒரே வகைப் பிறபொருளெதிரியை மட்டுமே சுரக்கிறது. அந்த ஒன்றைப் பிரித்து வளர்த்தால் போதும். தடை என்னவெனில், அத்தகைய வெள்ளணுக்கள் கண்ணாடிக் கலத்தில் சில நாட்களிலேயே மடிந்து விடும். மறுபுறம், மயலோமா எனப்படும் புற்றுநோய் உயிரணுக்கள் முடிவின்றிப் பெருகும். ஆயினும் அவை சுரக்கும் பிறபொருளெதிரி எதைப் பற்றிக்கொள்ளும் என்பது பெரும்பாலும் அறியப்படாதது.

மில்ஸ்டீன் குழுவினர் தொடக்கத்தில் மயலோமா உயிரணுக்களைக் கொண்டு, பிறபொருளெதிரிகளின் பன்மைக்குக் காரணமான மரபணு மாற்றங்களைத் தேடினர். இவருடன் பணியாற்றிய ரிச்சர்ட் காட்டன் இரு வேறு மயலோமா உயிரணுக்களை ஒன்றாக இணைத்துக் காட்டினார். 1973-இல் இது வெளியிடப்பட்டது. அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் மில்ஸ்டீன் ஆற்றிய உரையைக் கேட்ட செருமானிய இளைஞர் கோலர், 1974-இல் கேம்பிரிட்ஜ் வந்து சேர்ந்தார்.

1975-ஆம் ஆண்டின் முறை

மில்ஸ்டீனும் கோலரும், செம்மறியாட்டின் சிவப்பணுக்களைச் சுண்டெலிக்கு ஊசிமூலம் செலுத்தினர். பின்னர் அச்சுண்டெலியின் மண்ணீரலில் இருந்து வெள்ளணுக்களை எடுத்து மயலோமா உயிரணுக்களுடன் இணைத்தனர். இணையாத மண்ணீரல் உயிரணுக்கள் தாமாகவே மடியும். மயலோமா உயிரணுக்களோ ஒரு குறிப்பிட்ட நொதி இல்லாதவையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஆதலால் தனிவகை வளர்ப்பு ஊடகத்தில் அவையும் பிழைக்கா. இணைந்தவை மட்டும், மண்ணீரலில் இருந்து நொதியையும் மயலோமாவில் இருந்து முடிவின்றிப் பெருகும் திறனையும் பெற்றுப் பிழைத்துக்கொள்ளும். களைக்கொல்லி தெளித்த வயலில் பயிர் மட்டும் மிஞ்சுவதை இதற்கு ஒப்பாகக் கூறலாம். இவ்வாறு உருவாகும் கலப்பு உயிரணு பின்னாளில் ஹைப்ரிடோமா எனப் பெயர் பெற்றது. இதிலிருந்து கிடைக்கும் பிறபொருளெதிரி முழுவதும் ஒரே வகையினதாக இருப்பதால் ஓரினப் பிறபொருளெதிரி எனப்படுகிறது.

ஆய்வின் முடிவைப் பார்க்கக் கோலர் ஒரு மாலையில் தம் மனைவியையும் உடன் அழைத்துச் சென்றார் என்றும், தட்டுகளில் எதிர்பார்த்த வளையங்களைக் கண்டு மகிழ்ச்சியில் கூவினார் என்றும் அவரே பிற்காலத்தில் கூறியுள்ளார். ஆய்வுக் கட்டுரை ஆகஸ்டு 7, 1975 நாளிட்ட நேச்சர் இதழில் வெளியானது. மூன்றே பக்கங்கள் கொண்ட அக்கட்டுரையின் இறுதியில், இத்தகைய உயிரணு வளர்ப்புகள் மருத்துவத்திலும் தொழிலிலும் பயன்படக்கூடும் என்று ஒரே வரியில் குறிக்கப்பட்டுள்ளது. கட்டுரை வெளிவந்த சில மாதங்களில் அவர்களது சொந்த ஆய்வகத்திலேயே முறை சரிவர இயங்காமற் போனது. வளர்ப்பு ஊடகத்துக்கான கரைசல் கெட்டிருந்ததே காரணம் என்பது பின்னரே தெரிந்தது. இதைச் சீர்செய்ததில் ஜொவான்னி கால்ஃப்ரேயின் பங்கு பெரிது.

பெறப்படாத காப்புரிமை

கட்டுரை அச்சேறும் முன்பே மில்ஸ்டீன் இதைப் பற்றி மருத்துவ ஆய்வு மன்றத்துக்குத் தெரிவித்தார். மன்றம் அதனைத் தேசிய ஆய்வு வளர்ச்சிக் கழகத்துக்கு அனுப்பியது. அரசு நிதியில் செய்யப்படும் கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை பெறும் பொறுப்பு அக்காலத்தில் இக்கழகத்திடம் இருந்தது. உடனடியான நடைமுறைப் பயன் எதுவும் தெரியவில்லை என்ற பதில் 1976 அக்டோபரில்தான் வந்தது. பிரித்தானியச் சட்டப்படி, கண்டுபிடிப்பு வெளியிடப்பட்ட பின் காப்புரிமை கோர இயலாது. அமெரிக்காவில் வெளியீட்டுக்குப் பின் ஓராண்டு அவகாசம் உண்டு. பதில் வருவதற்குள் அதுவும் கடந்திருந்தது.

இத்தவறு பிற்காலத்தில் பிரித்தானிய அரசியலில் பெரிதும் பேசப்பட்டது. பிரதமர் மார்கரெட் தாட்சர் இதைக் கடுமையாகக் கண்டித்தார். 1980-இல் அரசின் ஆதரவோடு செல்டெக் என்னும் உயிர்த்தொழில்நுட்ப நிறுவனம் தொடங்கப்பட்டதற்கு இந்த இழப்பும் ஒரு காரணம். மில்ஸ்டீனோ கோலரோ இக்கண்டுபிடிப்பால் காப்புரிமைப் பணம் பெறவில்லை.

முறை பரவியதற்கு மில்ஸ்டீனின் தாராளம் முக்கியக் காரணமாகும். இவர் தம்மிடமிருந்த மயலோமா உயிரணுக்களைக் கேட்டவர்க்கெல்லாம் அனுப்பிக் கொடுத்தார். அவ்வாறு 1976-இல் பெற்றவர்களுள் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள விஸ்டார் நிறுவனத்தின் ஹிலாரி கோப்ரோவ்ஸ்கியும் ஒருவர். கோப்ரோவ்ஸ்கியும் கார்லோ குரோச்சேயும் அவ்வுயிரணுக்களைக் கொண்டு புற்றுக்கட்டிகளுக்கும் தீநுண்மங்களுக்கும் எதிரான ஓரினப் பிறபொருளெதிரிகளை உருவாக்கி, 1979 அக்டோபரிலும் 1980 ஏப்ரலிலும் இரு அமெரிக்கக் காப்புரிமைகளைப் பெற்றனர். அவற்றில் கோரப்பட்ட உரிமையின் பரப்பு மிக அகன்றது. தாம் இலவசமாகக் கொடுத்த உயிரணுக்களில் இருந்து இத்தகைய உரிமை எழுந்தது மில்ஸ்டீனை வருத்தியது. தமக்குப் பணம் வராமற் போனதைவிட, அறிவியலாளர்கள் ஒருவருக்கொருவர் பொருட்களைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் குலைவதே அவருக்குக் கவலையாக இருந்தது.

அமெரிக்காவில் 1978-இல் ஹைப்ரிடெக், 1979-இல் சென்டோகோர் ஆகிய நிறுவனங்கள் இம்முறையை நம்பியே தொடங்கப்பட்டன. இரு பிறபொருளெதிரிகளுக்கு இடையே ஒரு பொருளைச் சிறைப்படுத்தி அளக்கும் சோதனை முறை குறித்து ஹைப்ரிடெக் தொடுத்த வழக்கில், 1986-இல் அமெரிக்கக் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்நிறுவனத்தின் காப்புரிமை செல்லும் எனத் தீர்ப்பளித்தது. அடிப்படை முறை பொதுவுடைமையாக இருந்தாலும் அதன் ஒவ்வொரு பயனுக்கும் தனித்தனியே உரிமை கோரலாம் என்பது இத்தீர்ப்பால் உறுதியாயிற்று.

புரதங்களைத் தூய்மையாக்குதல்

ஓரினப் பிறபொருளெதிரிகளின் பயன் நோயறியும் சோதனைகளோடு நிற்பதன்று. ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பற்றும் பிறபொருளெதிரியை அகரோஸ் மணிகளில் ஒட்டி, அம்மணிகளை ஒரு குழாயில் நிரப்பி, கலவையை அதன் வழியே வடியவிட்டால், வேண்டிய புரதம் மணிகளில் தங்கிவிடும். மற்றவை வடிந்து போகும். பின்னர் கரைசலின் தன்மையை மாற்றினால் தங்கியது விடுபட்டு வெளிவரும். மணலுக்குள் காந்தத்தை விட்டு இரும்புத்தூளைப் பொறுக்குவதை ஒத்தது இது.

மில்ஸ்டீனின் ஆய்வகத்தைச் சேர்ந்த டேவிட் செக்கர், டெரெக் பர்க்குடன் இணைந்து 1980-இல் இவ்வகையில் மனித இன்டர்ஃபெரானைப் பிரித்தெடுத்தார். ஒரே படியில் ஏறத்தாழ 5,000 மடங்கு தூய்மை கிட்டியது. பழைய வேதிமுறைகளில் பல படிகளில் பாடுபட்டும் பெற முடியாதிருந்த அளவு இது. அதற்குப் பயன்பட்ட பிறபொருளெதிரியைச் செல்டெக் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரத்த வகை கண்டறியும் ஏ, பி எதிர்ச்சீரங்களுக்கு மாற்றாக ஓரினப் பிறபொருளெதிரிகளை உருவாக்கும் பணியிலும் மில்ஸ்டீன் குழுவினர் ஈடுபட்டு வெற்றி கண்டனர்.

எட்டாம் காரணி வழக்கு

குருதி உறைவதற்குத் தேவையான புரதங்களில் ஒன்று எட்டாம் காரணி. இது பிறவியிலேயே குறைவாக இருப்போருக்கு ஹீமோஃபிலியா ஏ என்னும் நோய் உண்டாகிறது. ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இந்நோய் காணப்படுகிறது. காயம் ஏதுமின்றியே மூட்டுகளுக்குள் குருதி கசிந்து நாளடைவில் நடக்க இயலாமற் போகும். நோயாளிக்கு எட்டாம் காரணியை ஊசிவழி ஏற்றுவதே நெடுங்காலம் முதன்மை மருத்துவமாக இருந்தது. ஆனால் ஒரு லிட்டர் குருதிநீர்மத்தில் இப்புரதம் 0.1 முதல் 0.2 மில்லிகிராம் அளவே உள்ளது. ஆயிரக்கணக்கான கொடையாளர்களின் குருதிநீர்மத்தைச் சேர்த்தே மருந்து தயாரிக்கப்பட்டது. அதன் விளைவாக, 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெருந்தொகையான நோயாளிகளுக்கு எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சித் தீநுண்மங்கள் தொற்றின.

கலிபோர்னியாவின் லா ஹோயாவில் உள்ள ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த தியோடர் சிம்மர்மனும் கேரல் ஃபுல்ச்சரும் இப்புரதத்தைப் பிரிக்க ஒரு சுற்று வழியைக் கையாண்டனர். குருதியில் எட்டாம் காரணி தனித்து இருப்பதில்லை. வான் வில்லிபிராண்டு காரணி என்னும் பெரிய புரதத்துடன் ஒட்டிக்கொண்டே இருக்கும். பெரிய புரதத்தைப் பற்றும் பிறபொருளெதிரிகளை அவர்கள் மணிகளில் ஒட்டினர். இரண்டும் சேர்ந்தே குழாயில் தங்கின. பின்பு கால்சியம் குளோரைடு கரைசலைச் செலுத்தியதும் எட்டாம் காரணி மட்டும் கழன்று வெளிவந்தது. இதற்கு நவம்பர் 30, 1982 அன்று அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. 1985 அக்டோபரில் அது திருத்தி மறுவெளியீடு செய்யப்பட்டது. தூய்மையாக்கும் முறையின் மீது மட்டுமன்றி, தூய்மையாக்கப்பட்ட எட்டாம் காரணியின் மீதும் அதில் உரிமை கோரப்பட்டது. சிக்கலின் வேர் இங்கேதான் உள்ளது.

1984-இல் ஜெனென்டெக் நிறுவனத்தாரும், ஜெனெடிக்ஸ் இன்ஸ்டிடியூட் நிறுவனத்தாரும் எட்டாம் காரணிக்கான மரபணுவைப் பிரித்து, அதைக் கொண்டு உயிரணு வளர்ப்பில் அப்புரதத்தை உருவாக்கியதாக அறிவித்தனர். மனிதக் குருதியே தேவையில்லை என்பதால் தொற்று அச்சமின்றி மருந்து கிட்டும் வாய்ப்பு உருவானது. ஆனால் ஸ்கிரிப்ஸ் நிறுவனமும் அதனிடம் உரிமம் பெற்ற மருந்து நிறுவனமும் ஜெனென்டெக் மீது வழக்குத் தொடுத்தன. எந்த வழியில் செய்யப்பட்டாலும் தூய எட்டாம் காரணி தமது காப்புரிமைக்குள் அடங்கும் என்பது அவர்களின் வாதம். மரபணுத் தொழில்நுட்பத்தால் செய்யப்படுவது அடிப்படையிலேயே வேறானது என்பது எதிர்வாதம்.

கலிபோர்னியாவின் கூட்டரசு மாவட்ட நீதிமன்றம் பல காரணங்களுக்காகக் காப்புரிமை செல்லாது என்று தீர்ப்பளித்தது. முன்னரே இருந்த ஒரு முனைவர் பட்ட ஆய்வேடும் அவ்விசாரணையில் இடம்பெற்றது. தாங்கள் பயன்படுத்திய சிறந்த ஓரினப் பிறபொருளெதிரியைச் சுரக்கும் உயிரணுவைக் கண்டுபிடிப்பாளர்கள் பொதுக் களஞ்சியத்தில் வைக்கவில்லை என்பதும் ஒரு குற்றச்சாட்டு. மில்ஸ்டீன் கேட்டவர்க்கெல்லாம் உயிரணுக்களை அனுப்பிய அதே முறையில் இருந்து கிளைத்த ஒரு கண்டுபிடிப்பில், உயிரணுவைப் பகிராதது நீதிமன்றப் பொருளானது கவனிக்கத்தக்கது.

மேல்முறையீட்டில், மார்ச் 11, 1991 அன்று கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் கீழ்நீதிமன்றத் தீர்ப்பின் பெரும்பகுதியை மாற்றியது. துறை அறிந்த ஒருவர் காப்புரிமை விவரத்தைக் கொண்டு தாமே அத்தகைய பிறபொருளெதிரியைப் பெற முடியும் எனில் உயிரணுவைக் களஞ்சியத்தில் வைப்பது கட்டாயமில்லை என்றது. தயாரிக்கும் முறையைச் சொல்லி விவரிக்கப்பட்ட பொருளுக்கான உரிமை, அம்முறையால் செய்யப்பட்டதோடு மட்டும் நிற்காது என்றும் கூறியது. அதேவேளை, மரபணு வழியில் செய்த புரதம் கொள்கையளவிலேயே வேறுபட்டதாயின் உரிமை மீறல் ஆகாது என்ற வாய்ப்பையும் திறந்து வைத்து, அதை ஆராயுமாறு வழக்கைத் திருப்பி அனுப்பியது. முறையால் விவரிக்கப்படும் பொருள் பற்றிய கருத்துக்கு மாறான தீர்ப்பை அதே நீதிமன்றத்தின் மற்றோர் அமர்வு 1992-இல் வழங்கியது. இம்முரண்பாடு 2009-இல்தான் முழு அமர்வால் தீர்க்கப்பட்டது; அதன்படி, உரிமை மீறலைத் தீர்மானிக்கையில் முறையும் கணக்கில் கொள்ளப்படும்.

இதற்கிடையே ஓரினப் பிறபொருளெதிரியால் தூய்மையாக்கப்பட்ட குருதிநீர்ம மருந்துகள் 1987 முதலும், மரபணு வழியில் செய்த எட்டாம் காரணி 1992 இறுதி முதலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. மரபணு வழி மருந்துகளைத் தூய்மையாக்கவும் ஓரினப் பிறபொருளெதிரிகளே பயன்பட்டன என்பதையும் குறிப்பிட வேண்டும்.

இந்தியாவில் இத்தகைய வழக்கு அக்காலத்தில் எழுந்திருக்க இயலாது. 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி மருந்துகளுக்குச் செய்முறைக் காப்புரிமை மட்டுமே கிடைத்தது. பொருளுக்குக் காப்புரிமை 2005 முதலே வழங்கப்படுகிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ஹீமோஃபிலியா நோயாளிகளுக்கு எட்டாம் காரணி இலவசமாக அளிக்கப்படுகிறது. மருந்தின் விலை தனியொரு குடும்பத்தால் தாங்க இயலாதது என்பதால் இது இன்றியமையாததாகும்.

பிற்கால வாழ்க்கை

1983-இல் மில்ஸ்டீன் தம் ஆய்வகத்தின் புரத, கருவமில வேதியியல் பிரிவுக்குத் தலைவரானார். 1988 முதல் 1995 வரை ஆய்வகத்தின் துணை இயக்குநராகவும் இருந்தார். நிர்வாகப் பொறுப்புகளுக்கு நடுவிலும், தொற்றுக்குப் பின் பிறபொருளெதிரிகள் எவ்வாறு நாளடைவில் கூர்மையடைகின்றன என்னும் வினாவை விடாது ஆராய்ந்தார். அதற்குக் காரணமான மரபணுத் திடீர்மாற்றங்களைப் பற்றிய ஆய்வையே இவர் தம் முதன்மைப் பணியாகக் கருதினார். உலகப் புகழ் தந்த முறை, இவ்வினாவுக்கு விடை தேடும்போது ஒரு கருவியாகவே பிறந்தது.

அதே ஆய்வகத்தில் கிரெகரி வின்டர் 1986-இல் சுண்டெலிப் பிறபொருளெதிரிகளை மனித உடலுக்கு ஏற்றவாறு மாற்றும் வழியைக் கண்டறிந்தார். இம்முறை மருத்துவ ஆய்வு மன்றம் காப்புரிமை பெறத் தவறவில்லை. வின்டருக்கு 2018-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

மில்ஸ்டீன் 1975-இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1980-இல் உல்ஃப் பரிசு, 1989-இல் காப்லி பதக்கம் ஆகியவற்றைப் பெற்றார். பிரித்தானியக் குடியுரிமை பெற்றிருந்த இவருக்கு 1995-இல் அந்நாட்டின் உயரிய சிறப்புகளில் ஒன்றான கம்பேனியன் ஆஃப் ஆனர் விருது அளிக்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச் 1 அன்று கோலர் தமது 48-ஆம் வயதில் செருமனியின் பிரைபர்க் நகரில் காலமானார். மில்ஸ்டீன் 1995-இல் ஓய்வு பெற்ற பின்னும் ஆய்வகத்துக்கு வந்துகொண்டிருந்தார். நெடுநாள் இதய நோயுற்றிருந்த அவர், மார்ச் 24, 2002 அன்று தமது 74-ஆம் வயதில் கேம்பிரிட்ஜில் மறைந்தார். இவருக்குக் குழந்தைகள் இல்லை.

மறைவுக்குப் பின்

2017-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற எமிசிசுமாப் என்னும் மருந்து, எட்டாம் காரணி செய்யும் வேலையைத் தானே செய்கிறது. இது இரு வேறு இலக்குகளை ஒரே நேரத்தில் பற்றும் பிறபொருளெதிரி. ஒன்பதாம் காரணியையும் பத்தாம் காரணியையும் அருகருகே கொண்டுவந்து நிறுத்துகிறது. இரு இலக்குகளைப் பற்றும் பிறபொருளெதிரியைக் கலப்பு உயிரணுக்களை மீண்டும் கலப்பதன் மூலம் உருவாக்க முடியும் என்று 1983-இல் மில்ஸ்டீனும் ஆர்ஜென்டினாவைச் சேர்ந்த கிளாடியோ குவெல்லோவும் காட்டியிருந்தனர். எமிசிசுமாப் மீதும் காப்புரிமை வழக்கு வந்தது. பாக்சால்டா நிறுவனம் ஜெனென்டெக் மீது தொடுத்த அவ்வழக்கில், கோரப்பட்ட பிறபொருளெதிரிகள் அனைத்தையும் உருவாக்கும் வழியைக் காப்புரிமை கற்பிக்கவில்லை என்பதால் பாக்சால்டாவின் உரிமை செல்லாது என்று கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் செப்டம்பர் 2023-இல் தீர்ப்பளித்தது.